கொதிகலனும் குக்கரும்: காப்பு விதிகளை நாம் ஏன் அறிய வேண்டும்?

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் கொண்டாப்பூரின் உயர்ந்த மாடிக் குடியிருப்புகளில் வசிக்கின்றனர். சிலர் கணினி நிறுவனங்களிலும், சிலர் இராமச்சந்திராபுரத்துப் பி.எச்.இ.எல். தொழிற்சாலையிலும், வேறு சிலர் படான்செரு, பாசமைலாரம் முதலிய இடங்களிலுள்ள மருந்து, இரசாயன ஆலைகளிலும் பணியாற்றுகின்றனர். தொழில் பலவாயினும், எல்லார் இல்லத்திலும் அடுப்பின்மேல் ஒரு குக்கரும், அருகில் ஒரு காஸ் சிலிண்டரும், குளியலறையில் ஒரு கீசரும் இருக்கின்றன. மூன்றும் அழுத்தத்தை அடக்கி வைக்கும் கலங்களே. ஆலையிலுள்ள பெருங் கொதிகலனுக்கு இவை தம்பி தங்கையர் எனலாம்.

நாம் இரயில்வே அலுவலகத்தில் ஏடும் கணக்கும் எழுதும் குமாஸ்தா, பொறியியல் கற்றவரல்லோம். ஆயினும் கொதிகலன் விதிகளின் சாரம், எழுத்தறிந்த எவருக்கும் விளங்கக்கூடியதேயாகும். அதனை இங்கே சுருக்கமாகக் கூற முயல்வோம்.

நீராவியின் வலிமை

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியிற் கொதிக்கிறது. ஆவியாக மாறும்போது அது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை வேண்டுகிறது. மூடிய கலத்தில் அவ்விடம் கிட்டாமையால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறவே, கொதிநிலையும் உயர்கிறது. நம் குக்கரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் மிகும்போது நீரின் வெப்பம் 120 டிகிரியை எட்டுகிறது. பருப்பு விரைவில் வேகும் இரகசியம் இதுவே.

இத்தகைய கலம் திடீரெனப் பிளந்தால், வெளியேறுவது உள்ளிருந்த ஆவி மட்டுமன்று. அழுத்தம் நீங்கிய கணமே, 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இருந்த நீரிலும் ஒரு பகுதி ஆவியாகச் சீறி எழும். பெரிய கொதிகலன் வெடிக்கும்போது கட்டடமே சரிவது இக்காரணத்தினாலாம்.

எலும்பையும் மெதுவாக்கும் மூடுகலம் ஒன்றை 1679ஆம் ஆண்டில் இலண்டனிற் காட்டிய டெனிஸ் பப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர், அதற்கு ஒரு காப்பு வால்வையும் அமைத்தார். அழுத்தம் அளவு மீறினால், எடை தாங்கிய மூடி தானே உயர்ந்து ஆவியை வெளியே விடும். நம் குக்கரின் வெயிட் அவ்வமைப்பின் வழித்தோன்றலே.

சட்டம் பிறந்த வரலாறு

காப்பு வால்வு இருந்தும் விபத்துகள் நின்றபாடில்லை. ஆவி வீணாகிறதே என்று வால்வின்மீது கூடுதல் எடையைத் தொங்கவிட்டவர் பலர். அரித்துப்போன தகட்டை அப்படியே வைத்து ஓட்டியவரும் பலர். 1863ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. அதன் பயனாக 1864இல் வங்காளத்தில், கல்கத்தா நகருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்குமெனக் கொதிகலன் சோதனைச் சட்டம் இயற்றப்பெற்றது. நம் நாட்டில் இத்துறையில் தோன்றிய முதற் சட்டம் அதுவே. பின்னர் மாகாணந்தோறும் வெவ்வேறு சட்டங்கள் எழுந்தன. இவ்வேறுபாட்டை நீக்கவே 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் பிறந்து, 1924 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. அதன்கீழ், 1950இல் விரிவான ஒழுங்கு விதிகள் வகுக்கப்பட்டன. நூறாண்டு கடந்தபின், 2025ஆம் ஆண்டின் புதிய கொதிகலன் சட்டம் பழையதன் இடத்தை ஏற்றது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1905 மார்ச்சு 20ஆம் நாள் பிராக்டன் என்னும் ஊரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். மாசசூசெட்ஸ் மாநிலம் 1907இல் விதி வகுத்தது. இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் புகழ்பெற்ற கொதிகலன் விதித்தொகுப்பின் முதற் பதிப்பு 1914ஆம் ஆண்டினது. எந்நாட்டிலும் உயிர்ப்பலிக்குப் பின்னரே விதி எழுதப்பட்டிருக்கிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

விதிகள் கூறுவன யாவை?

கொதிகலன் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பெற்று, அதன் எண் அழியாத வகையிற் பொறிக்கப்பட வேண்டும். தகட்டின் தடிப்பு கணக்கிட்டு முடிவு செய்யப்படும். பற்றவைப்போரும் தேர்ச்சிச் சான்று பெற்றவராதல் வேண்டும். புதிய கலத்துள் நீரை நிரப்பி, உழைக்கும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்திப் பார்ப்பர். ஆவியாலன்றி நீராற் சோதிப்பது ஏன் எனில், நீர் அமுங்காப் பொருள்; சோதனையிற் கலம் விரிசல் கண்டாலும் நீர் பீறிட்டு நின்றுவிடும், வெடிப்பு நேராது.

காப்பு வால்வு இரண்டு, நீர்மட்டம் காட்டும் கண்ணாடி இரண்டு, அனுமதித்த உச்ச அழுத்தத்தில் செங்கோடு இட்ட அழுத்தமானி ஆகியவை கட்டாயம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும் என்பதே இரட்டை ஏற்பாட்டின் கருத்து. நீராவி எஞ்சின்களின் நெருப்பறைக் கூரையில் உருகும் திருகு ஒன்று இருப்பதை இரயில்வே ஊழியர் அறிவர். நீர்மட்டம் தாழ்ந்து கூரை காய்ந்தால், அத்திருகின் ஈயம் உருகி, ஆவி நெருப்பின்மேற் பாய்ந்து எச்சரிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரி நீராவி இரயிலைப் பார்க்கும் குழந்தைகளுக்கு இதனை எடுத்துரைக்கலாம்.

பயன்பாட்டுக்கான சான்றிதழ் பொதுவாக ஓராண்டுக்கே வழங்கப்படும். காலம் முடிந்தால் மறு சோதனை வேண்டும். தகுதிச் சான்று பெற்ற பணியாளரே கொதிகலனை நடத்தலாம். காப்பு வால்வைச் செயலற்றதாக்குவது தண்டனைக்குரிய குற்றம்.

அண்மைக் காலத்துத் துயரங்கள்

விதிகள் ஏட்டில் இருந்தும் துயரங்கள் தொடர்கின்றன. 2017 நவம்பர் முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாஹார் அனல் மின்நிலையக் கொதிகலனில் நேர்ந்த விபத்து நாற்பதுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. நம் நெய்வேலியில், இரண்டாம் அனல் மின்நிலையத்தில் 2020 மே 7ஆம் நாளும், மீண்டும் ஜூலை முதல் நாளும் கொதிகலன் விபத்துகள் நிகழ்ந்தன. இரண்டாவதில் அன்றைய தினமே ஆறு பேர் மாண்டனர்; காயமுற்றோரில் மேலும் சிலர் பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தனர். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர்.

நமக்கு அண்மையிலுள்ள பாசமைலாரத்தில் 2025 ஜூன் 30ஆம் நாள் ஒரு மருந்துப் பொருள் ஆலையின் உலர்த்தும் பகுதியில் நேர்ந்த வெடிப்பு நாற்பதுக்கு மேற்பட்ட தொழிலாளரின் உயிரைக் கவர்ந்தது. அது கொதிகலன் வெடிப்பன்று; எனினும், பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களிலிருந்து வந்தோரே அங்கும் பெரும்பாலோர். நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவர்களின் துயரம் அது.

நம் இல்லத்தில்

இருபத்தைந்து லிட்டருக்குக் குறைந்த கலத்தைக் கொதிகலன் சட்டம் தொடுவதில்லை. ஆகவே குக்கரைச் சோதிக்க எந்த அதிகாரியும் வாரார். இல்லத்தரசியே, அன்றிச் சமைக்கும் ஆடவரே, அங்குச் சோதனை அதிகாரி. 2021 முதல் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாதலால், முத்திரை உண்டா எனப் பார்த்தே வாங்க வேண்டும். மூடுமுன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் உயர்த்தித் துவாரம் தெரிகிறதா என நோக்குக. அரிசி, பருப்பாயின் பாதிக்குமேல் நிரப்பலாகாது. மூடியிலுள்ள காப்புத் திருகு, இரயில் எஞ்சினின் ஈயத் திருகுக்கு இணையானது. அது உருகினால் அதே நிறுவனத்தின் புதிய திருகையே பொருத்த வேண்டும். ஆணியாலோ மாவாலோ அத்துளையை அடைப்பது அன்று வால்வுக்கு எடை கட்டியவரின் அறியாமைக்கு நிகராகும்.

சிலிண்டரின் கழுத்தடியிலுள்ள பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் காணப்படும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச்சு வரை. பி, ஜூன் வரை. சி, செப்டம்பர் வரை. டி, டிசம்பர் வரை. பி-27 எனின், 2027 ஜூனுக்குள் அச்சிலிண்டர் மறு சோதனைக்குச் செல்ல வேண்டும் என்று பொருள். காலம் கடந்ததை ஏற்காது திருப்பியனுப்ப நமக்கு உரிமை உண்டு. ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. காஸ் கசிந்தால், விளக்கின் விசையைத் தொடாது, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்தபின் 1906 என்னும் எண்ணை அழைக்க.

கீசரைப் பொறுத்தவரை, உயர்ந்த கட்டடங்களில் மேல்தொட்டி நீரின் பளு கீழ்மாடிகளில் மிகுதி. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். ஆகவே கட்டடத்தின் உயரத்துக்கு ஏற்ற அழுத்தம் தாங்கும் கீசரையே தேர்க. அதன் வால்விலிருந்து நீர் சொட்டுகிறதென்று அதனை அடைக்கச் சொல்லும் பிளம்பருக்கு இணங்கலாகாது. உரிய ஆளை அழைத்துப் பழுது பார்ப்பதே முறை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆலைகளிலும், விடுதிச் சமையற்கூடங்களிலும், சலவை நிலையங்களிலும் கொதிகலன் அருகே ஒப்பந்த வேலை செய்யும் நம்மவர் பலர், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அறிவிப்பைப் படிக்க இயலாதவர். சான்றிதழின் தேதி எது, அழுத்தமானியின் செங்கோடு எங்கே, அபாயச் சங்கு ஒலித்தால் ஓடவேண்டிய வழி எது என்பவற்றைக் கேட்டறிய அவர்களுக்குத் துணை நிற்பது படித்த நம் இளைஞரின் கடமை. இம்மாதம் சங்கக் கூட்டத்துக்கு வருவோர், அத்தகைய ஒருவரையேனும் உடன் அழைத்து வருவாராக.