இடித்த வீட்டில் எது மலையேறும்?

கொல்லிமலையில் வீடு கட்டுகிறவரிடம் செலவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். செங்கல் விலைக்கு முன்னால் வண்டி வாடகையைத்தான் சொல்வார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வண்டி போகாத இடத்துக்குத் தலைச்சுமைக் கூலி தனி.

சென்ற ஆண்டு, கணவரை இழந்த ஒரு தாய் மலையிலிருந்து வீடு பழுது பார்க்க உதவி கேட்டு மனு அனுப்பியிருந்தார். அதே வாரம் கீழே நம் சகோதரர் ஒருவர் தம் பழைய வீட்டை இடித்தார். "செங்கலை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நாங்களும் மகிழ்ந்து இரண்டு லோடு மேலே அனுப்பினோம். அது சிமெண்டுக் கலவையில் கட்டிய சுவர். கல்லில் ஒட்டியிருந்த காரையைத் தட்டியபோது ஏறக்குறையப் பாதி உடைந்துபோனது. வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் புதுக் கல்லே வாங்கியிருக்கலாம். நீங்கள் தந்த பணம் எங்களிடம் அமானிதம். அதில் நேர்ந்த இந்தத் தவறு எங்களுடையது. அதிலிருந்து கற்றதை உங்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பழைய கட்டடச் சாமான் ஊர் விட்டு ஊர் போவது புதிதல்ல. செட்டிநாட்டில் பெரிய வீடுகள் இடிபடும்போது பர்மாத் தேக்கு நிலைகளும் கதவுகளும் தூண்களும் காரைக்குடியில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாடு, கேரளம் முதலிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் கொண்டு போவது எப்படிக் கட்டுப்படியாகிறது? எடையையும் விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கன அடி தேக்கு 20 கிலோவுக்கும் குறைவு, விலையோ ஆயிரக்கணக்கில். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ. உடைத்துவிட்டால் அதற்கு விலையே இல்லை. ஆகவே மரம் நெடுந்தூரம் போகும். ஓடும் நல்ல செங்கல்லும் பக்கத்து வட்டாரம் வரை போகும். உடைந்த கான்கிரீட்டும் காரையும் விழுந்த இடத்துக்கு அருகிலேயே பயன்பட வேண்டும். சென்னையில்கூடப் பெருங்குடி, கொடுங்கையூர் என்று நகருக்குள்ளேயே இடிபாடுகளை அரைக்கும் ஆலைகள் அமைத்திருப்பது இதனால்தான். அப்படி அரைத்த ஜல்லியைக் கம்பி போடாத சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை கலக்கலாம் என்று 2016-ல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 383) அனுமதிக்கிறது. நம் ஊர்களில் ஆலை இல்லாவிட்டாலும், தளத்துக்கு அடியில் நிரப்பவும், பள்ளமான பாதையை மேடாக்கவும் இடிபாடு உதவும்.

மலைக்கு அனுப்பத் தகுந்தவை இவை: கரையான் அரிக்காத நிலை, கதவு, ஜன்னல், உத்தரம், ரீப்பர், விரிசல் இல்லாத சீமை ஓடு, சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் செங்கல். சுண்ணாம்புக் காரை எளிதில் உதிரும், கல் முழுதாகக் கிடைக்கும்.

அனுப்பக் கூடாதவை இரண்டு. முதலாவது, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை அறுத்தாலும் உடைத்தாலும் கிளம்பும் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஏழை வீடுதானே என்று அதைக் கொடுப்பது தர்மம் ஆகாது. இரண்டாவது, தளத்தை உடைத்து எடுத்த கம்பி. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தினால் அதன் உறுதி குறையும். அதை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, அந்தப் பணத்தில் புதுக் கம்பி வாங்குவதே சரி. பழைய சாமானை விற்கும் சகோதரர்கள் ஓட்டின் விரிசலையும் மரத்தின் அரிப்பையும் வாங்குகிறவருக்குக் காட்டிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல.

மலையில் வேலை செய்யும் மேஸ்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மிஞ்சிய இடிபாட்டைச் சரிவில் தள்ளாதீர்கள். மழையில் அது ஓடைக்குப் போகும். ஓடை ஐயாற்றுக்குப் போகும். மேலே குடிக்கிறவர்களுக்கும் கீழே பயிர் செய்கிறவர்களுக்கும் அதே தண்ணீர்தான்.

பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் ஜமாஅத்துகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பள்ளியின் மரமும் கல்லும் வக்ஃபுடையவை. "யாராவது எடுத்துப் போகட்டும்" என்று விடும் உரிமை முத்தவல்லிக்கு இல்லை. எங்கள் டிரஸ்டுக்கும் அவற்றை இலவசமாகத் தர வேண்டாம். ஆலிம்களிடம் கேட்டு, பலரறிய ஏலம் விட்டு, வந்த தொகையை அந்தப் பள்ளியின் கணக்கிலேயே எழுதுங்கள்.

இனி வாடகைக்கு வருவோம். லாரித் தொழிலில் பேர்பெற்ற நாமக்கல் பக்கத்தில் 'ரிட்டர்ன் லோடு' என்றால் தெரியாதவர் இல்லை. வாழையும் மரவள்ளியும் பலாவும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் வண்டிகளில் சில வெறுமையாகவே திரும்பி ஏறுகின்றன. அப்படி ஒரு வண்டிக்காரரிடம் பேசி, அந்தத் தாயின் வீட்டுக்கு ஓட்டையும் ரீப்பரையும் பிறகு அனுப்பினோம். முதல் இரண்டு லோடுக்கு ஆனதில் பாதிகூட ஆகவில்லை. ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடியாகிவிட்டது.

ஆகவே வீட்டை இடிக்க நாள் குறித்தவுடன் எங்களுக்குச் சொல்லுங்கள். இடித்த பிறகு சொல்ல வேண்டாம். பொக்லைன் வருவதற்கு 15 நாள் முன்னதாகத் தெரிந்தால், ஓட்டைக் கையால் இறக்கலாம், நிலையைச் சேதமில்லாமல் பெயர்க்கலாம், திரும்பும் வண்டிக்கும் ஏற்பாடு செய்யலாம். மரம், ஓடு, செங்கல், இடிபாடு என்று அன்றே தனித்தனிக் குவியலாகப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீடு பழுது கேட்டு மலையிலிருந்து வந்த இன்னும் சில மனுக்கள் எங்கள் கையில் இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்கு முன் அவற்றையும் முடிக்க எண்ணியிருக்கிறோம்.