முதலாளியின் கணக்கப்பிள்ளையும் கம்பனியின் குற்றமும்

ஒரு கம்பனியைச் சிறையில் அடைக்க முடியாது. அதற்குக் கையுமில்லை, காலுமில்லை. அப்படியிருக்க அது குற்றவாளியாவது எப்படி? வணிகச் சட்டம் படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பாடப்புத்தக விடையைச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் விளங்கியிருக்காது. அதனால் அண்மைக் காலமாக நியூயோர்க்கில் நடந்த ட்ரம்ப் குடும்பக் கம்பனியின் வரி வழக்கை எடுத்துச் சொல்லி வருகிறேன். அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால் அது வெறும் சம்பளக் கணக்கு வழக்குத்தான். ஆனால் அந்தச் சம்பளக் கணக்குக்குள்ளேதான் விஷயமெல்லாம் கிடக்கிறது.

அலன் வைசல்பேர்க் என்பவர் 1973இல் டொனால்ட் ட்ரம்பின் தகப்பனார் பிரெட் ட்ரம்பிடம் கணக்கு வேலைக்குச் சேர்ந்தவர். வாப்பாவிடமிருந்து மகனுக்குக் கைமாறி வந்த கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அந்தக் குழுமத்தின் பிரதான நிதி அதிகாரியானார். இப்படியான ஒருவர் நம்மட ஊர்க் கடைகளிலும் இருப்பார். முதலாளிக்கே தெரியாத கணக்கெல்லாம் அவருக்குத் தெரியும்.

2005 தொடக்கம் இவருக்குச் சம்பளத்துக்கு வெளியே பல வசதிகளைக் கம்பனி செய்து கொடுத்தது. மென்ஹட்டனில் ஆற்றைப் பார்த்த அடுக்குமாடி வீடு, அதற்கு மின்கட்டணம், வாகனத் தரிப்பிடம். அவருக்கும் மனைவிக்கும் மெர்சிடிஸ் கார்கள். பேரப்பிள்ளைகளின் தனியார் பாடசாலைக் கட்டணம். பாடசாலைக்குப் போன சில காசோலைகளில் கையெழுத்து ட்ரம்புடையது. மொத்தப் பெறுமதி சுமார் 1.76 மில்லியன் டொலர். இதில் ஒரு சதமும் வரித் திணைக்களத்துக்குக் காட்டப்படவில்லை.

‘கம்பனி வாகனம்தானே, அதுக்கென்ன?’ எண்டு கேட்கிற ஆக்கள் நம்மிடையேயும் இருக்கிறாங்க. வசதி கொடுப்பது குற்றமில்லை. அந்த வசதியும் ஊழியரின் வருமானம்தான். அதை மறைப்பதே குற்றம். நம்நாட்டு 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டமும் பணமாக அல்லாமல் கிடைக்கிற நன்மைகளைத் தொழில் வருமானத்தில்தான் சேர்க்கிறது.

இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வீடோ காரோ அல்ல, கம்பனிக்குள்ளே இருந்த ஒரு கணக்கு. வைசல்பேர்க்குக்கு ஆண்டுக்கு 940,000 டொலர் என்று ஒரு தொகை தீர்மானிக்கப்பட்டிருந்தது: 540,000 சம்பளம், 400,000 போனஸ். வீட்டு வாடகை, கார் போன்றவற்றுக்குக் கம்பனி செலவிட்ட பணம் இந்தத் தொகையில் கழிக்கப்பட்டு, உள்ளகத் தாள்களில் ஒழுங்காகப் பதியப்பட்டது. அதாவது உள்ளே, ‘இதுவும் அவரது சம்பளம்’ என்று எழுதியிருக்கிறது. வெளியே அரசாங்கத்துக்கு அனுப்பிய படிவத்தில் அது இல்லை. கணக்கு எழுதத் தெரியாமல் நடந்த பிழை என்று யாரும் சொல்ல முடியாதபடி கம்பனியின் கணக்கே சாட்சியாகி நின்றது. போனஸ் பணத்தில் ஒரு பகுதியையும் குழுமத்தின் வேறு கம்பனிகளிலிருந்து, அவர் ஏதோ வெளியாள் ஒப்பந்தக்காரர் போலக் காட்டிக் கொடுத்திருந்தார்கள்.

2021 ஜூலை 1ஆம் திகதி குற்றச்சாட்டுகள் வெளியாயின. வைசல்பேர்க் ஓராண்டுக்கு மேல் மறுத்துக்கொண்டிருந்தார். 2022 ஒகஸ்டில் 15 குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். வரி, அபராதம், வட்டி என்று சுமார் 2 மில்லியன் டொலர் கட்டவும், கம்பனிக்கு எதிரான வழக்கில் உண்மையைச் சொல்லிச் சாட்சியளிக்கவும் உடன்பட்டதால் தண்டனை ஐந்து மாதமாகக் குறைந்தது. முதலாளிக்கு எதிராக அல்ல, கம்பனிக்கு எதிராகத்தான் சாட்சி. டொனால்ட் ட்ரம்ப் இந்த வழக்கில் எதிரியாக்கப்படவில்லை. சாட்சிக் கூண்டில் நின்ற காலத்திலும் வைசல்பேர்க்குக்கு அதே கம்பனி சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. இதை நான் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழும்.

சரி, கம்பனி குற்றவாளியானது எப்படி? நியூயோர்க் சட்டப்படி, உயர் நிர்வாகப் பொறுப்பில் உள்ள ஒருவர் தன் பதவியின் எல்லைக்குள் நின்று, கம்பனியின் சார்பில் குற்றம் செய்தால் அது கம்பனியின் குற்றமுமாகும். ‘கம்பனியின் சார்பில்’ என்ற சொற்களைச் சுற்றித்தான் வழக்கு முழுவதும் ஓடியது. எதிரித் தரப்புச் சட்டத்தரணிகள், அந்த மனிதர் தன் பேராசையால் தனக்காகவே செய்தார், கம்பனியும் ட்ரம்ப் குடும்பமும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று வாதிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்தப் பணம் அவரது குடும்பத்துக்குத்தானே போனது?

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் என்னுடையவை, விளங்குவதற்காக மட்டும். வருமான வரி 40 சதவீதம் என்று வையுங்கள். ஒரு ஊழியர் 60,000 டொலர் வாடகையைத் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டுமானால் கம்பனி அவருக்கு 100,000 கொடுக்க வேண்டும். வாடகையைக் கம்பனியே கட்டி மறைத்துவிட்டால் 60,000உடன் காரியம் முடிந்தது. மிச்சம் 40,000. அதோடு சம்பளப் பட்டியல் மீது கம்பனி தன் பங்குக்குக் கட்ட வேண்டிய வரியும் குறைகிறது. ஊழியர் திருடியது தனக்காகத்தான், ஆனால் முதலாளியின் பையிலும் ஒரு பங்கு விழுந்தது. கம்பனியின் நன்மை ஒரே நோக்கமாக இருக்கத் தேவையில்லை, நோக்கங்களில் ஒன்றாக இருந்தால் போதும் என்பதே அரச தரப்பின் நிலைப்பாடு. ஜூரிமார் சுமார் பத்து மணித்தியாலம் கலந்தாலோசித்து 2022 டிசம்பர் 6ஆம் திகதி தீர்ப்புச் சொன்னார்கள்: ட்ரம்ப் கோப்பரேஷன் மீது 9, ட்ரம்ப் பேரோல் கோப்பரேஷன் மீது 8, ஆக 17 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி.

2023 ஜனவரி 13ஆம் திகதி நீதிபதி ஹுவான் மெர்ச்சான் விதித்த தண்டப்பணம் 1.61 மில்லியன் டொலர். சட்டம் அனுமதித்த உச்சத் தொகையே அதுதான். அவ்வளவு பெரிய குழுமத்துக்கு இது பிளேன்டீ குடிக்கிற காசு. சட்டம் இவ்வளவு பல்லில்லாததா என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணமும். இருந்தாலும் கடன் வழங்கும் வங்கியோ ஒப்பந்தம் செய்ய வருபவரோ உங்கள் கம்பனி குற்றவாளியாகக் காணப்பட்டதா என்று கேட்டால், இனி ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். தண்டப்பணத்தைக் கட்டிய பிறகும் அந்த வரி அப்படியே இருக்கும்.

பலர் இந்த வழக்கை மற்றொன்றுடன் குழப்பிக்கொள்கிறார்கள். சொத்துகளின் பெறுமதியை ஊதிக் காட்டி வங்கிகளிடம் கடன் பெற்றதாக நியூயோர்க் சட்டமா அதிபர் லெட்டீஷியா ஜேம்ஸ் தொடுத்தது சிவில் வழக்கு. அதில் 2024 பெப்ரவரியில் ட்ரம்ப் மீது விழுந்த தொகை சுமார் 355 மில்லியன் டொலர், வட்டி தனி. 2025 ஒகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகை மிகையானது என்று நீக்கியது. மோசடி நடந்தது என்ற முடிவை விட்டுவைத்தது. வரி வழக்கு இதில் சேராது.

வைசல்பேர்க் 2023 ஜனவரியில் ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்குப் போனார். நன்னடத்தைச் சலுகையால் சுமார் நூறு நாளில் வெளியே வந்தார். கம்பனியை விட்டு விலகும்போது அவருக்கு 2 மில்லியன் டொலர் விலகற் கொடுப்பனவு பேசப்பட்டது. 2024 ஏப்ரலில், 76ஆவது வயதில், மறுபடியும் ஐந்து மாதத் தண்டனை கிடைத்தது. இம்முறை வரிக்காக அல்ல. சட்டமா அதிபரின் சிவில் விசாரணையில், ட்ரம்பின் அடுக்குமாடி வீட்டின் பரப்பளவு பற்றிச் சத்தியம் செய்து பொய் சொன்னதற்காக.