விதை நெல் வயலில் 'ரோகிங்' என்பது என்ன?

குன்றத்தூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடும் விவசாயி ஒருவர் விதைப்பண்ணை அமைத்தால், வயலாய்வுக்கு வரும் விதைச் சான்று அலுவலர் 'ரோகிங் செய்தாயிற்றா?' என்று கேட்பார். இதை 'ரோகம்' என்று எண்ணி, பயிரில் நோய் இல்லையே என்று வாளாவிருந்தால் நஷ்டம் நேரிடும்.

'ரோக்' என்பது ஆங்கிலச் சொல். 16-ம் நூற்றாண்டில் ஊர் ஊராய்த் திரியும் பிச்சைக்காரனை அது குறித்தது. 'கேள், இர' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். பின்னர் போக்கிரியையும், கூட்டத்தை விட்டுத் தனியே திரியும் மூர்க்க யானையையும் குறிக்கலாயிற்று. விதை உற்பத்தியாளர்கள், ரகத்தின் குணத்திலிருந்து மாறுபட்ட செடிக்கு அப்பெயரை இட்டனர். 1859-ல் வெளியான தம் நூலில் டார்வினும் இவ்வழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளார். அத்தகைய செடியைப் பிடுங்கி எறிவதே 'ரோகிங்'. தமிழில் இதைக் கலவன் நீக்குதல் என்கிறோம்.

கலவன் நோயுற்ற செடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மற்றவற்றைவிட உயரமாக, செழிப்பாகவே நிற்கலாம். ஆனாலும் அது வேறு ரகம். அதன் மணிகள் விதையில் கலந்தால், வாங்கி விதைப்பவரின் வயலில் பயிர் ஒரே சமயத்தில் முற்றாது.

நெல்லில் 10,000 கதிர்களுக்கு ஆதார விதை வயலில் 5, சான்று விதை வயலில் 20 கலவன்களுக்கு மேல் இருக்கக் கூடாது. மிஞ்சினால் சான்று அட்டை கிடைக்காது. பாடுபட்டு விளைவித்த விதையைச் சாதாரண நெல் விலைக்கே விற்க நேரிடும்.

கலவன்களைத் தூர்கட்டும் பருவம், பூக்கும் பருவம், கதிர் முற்றும் பருவம் ஆகிய மூன்றிலும் வரிசை வரிசையாக நடந்து பார்த்து நீக்க வேண்டும். உயரம், அடித்தாளின் நிறம், கண்ணாடி இலையின் அமைப்பு, முன்பின்னாகப் பூத்தல், மணியின் நிறம், நுனியில் மீசை ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். மணிகளை முன்னதாகவே உதிர்த்துவிடும் காட்டு நெல்லை அதற்கு முன்பே அகற்றுவது மிக அவசியம்.

கதிரை மட்டும் அறுத்தால் தூர் மீண்டும் துளிர்க்கும். ஆகவே வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். செழித்து நிற்கும் செடியைப் பிடுங்கக் கை தயங்கும். விதைப்பண்ணையில் அந்தத் தயக்கம் கூடாது.