கட்டுக்கரை வாய்க்காலோரம்

மாந்தைப் பக்கத்து வயலுக்கு நீர் எப்படி வருகிறதென்பது, வாப்பாவுடன் வாய்க்கால் கட்டில் திருக்கேதீஸ்வரம் நோக்கி நடந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. அருவியாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்த பண்டைய அணை, நீரைக் கால்வாய் வழியே கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகிறது. குளத்தின் துருசு திறந்தால் பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து வரம்போர வாய்க்கால். நிலம் கடலை நோக்கிச் சரிவதால் நீர் தானாகவே ஓடும். ஆனால் துருசடி வயல்தான் முதலில் குடிக்கும். எங்கள் வயல் கடைசியில். சிறுபோகத்தில் குளத்து நீரைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பதென்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். போன முறை எங்களுக்குப் பங்கில்லை. அந்த வருடம் அரிசி கடையில்தான்.

மாந்தை பழைய துறைமுகம். 1980களில் அங்கு அகழ்ந்தபோது சீன மட்பாண்டங்களும் பாரசீக மெருகோடுகளும் கிடைத்தன. கப்பல்காரருக்கும் சோறு வேண்டியிருந்திருக்கும், அதற்கும் இந்தக் குளத்து நெல்தான் உதவியிருக்கும் என்று நான் சொன்னேன். வாப்பா சிரித்தார். மண்வெட்டியால் ஒரு மடையின் சேற்றை விலக்கிவிட்டு, "எங்கட முறை இரவிலயா பகலிலயா, அதைக் கேட்டு வா மகள்" என்றார்.