ஈட்டி முனையும் சுருள் கம்பியும்

கனடாவின் லாப்ரடார் கரையில் உள்ள நைன் என்ற இனுயிட் ஊருக்குச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் கடல் உறைந்தால் அதுதான் சாலை. வேட்டைக்கும் விறகுக்கும் அதன் மேல்தான் போக வேண்டும். காலடியில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அன்று அதைச் சொன்னவை கண்ணும் காதும் ஈட்டியும். முன்னால் போகிறவர் ஈட்டியை ஓங்கிக் குத்துவார்; முனை இறங்கிவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதான். கட்டியின் நிறம், குத்தும்போது எழும் ஓசை, அடியில் நீரோட்டம் இழுக்கும் இடம் எல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தவை. ஆராய்ச்சியாளர்களோ துளை போட்டு, அளவுநாடாவை உள்ளே விட்டு அளந்தார்கள். அத்தனை பாடுபட்டாலும் ஒரு துளைக்கு ஓர் எண்தான்.

2009-10 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்தது. தலைமுறைகளாக நம்பிப் போன வழிகளே கைவிட்டன. கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தவர்களும் உண்டு. அதன் பிறகு மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டிரெவர் பெல், அப்பகுதியின் நுனாட்சியாவுட் இனுயிட் அரசுடன் சேர்ந்து உருவாக்கியதுதான் ஸ்மார்ட்ஐஸ் என்ற பனிக்கட்டிக் கண்காணிப்பு முயற்சி.

இன்று பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் கமுட்டிக் என்னும் சறுக்குவண்டி மின்காந்தக் கருவியைச் சுமந்துகொண்டு போகிறது. கருவியின் ஒரு சுருள் காந்தப்புலத்தைக் கீழே அனுப்பும். பனிக்கட்டியில் மின்சாரம் அவ்வளவாக ஓடாது. அடியில் இருக்கும் உப்புநீரில் நன்றாக ஓடும். அந்த நீரில் எழும் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு புலத்தை உண்டாக்க, இன்னொரு சுருள் அதை வாங்கிக்கொள்கிறது. அது வலுவாக வந்தால் நீர் பக்கத்தில் இருக்கிறது, கட்டி மெலிந்திருக்கிறது என்று பொருள். துளை போடும் வேலை மிச்சம். வண்டி ஓட ஓட எண்கள் வந்துகொண்டே இருக்கும்.

அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. கட்டிமேல் படிந்த பனியும் அதில் சேர்ந்திருக்கும். அதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். கட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்த மேடுகளில் கருவி கனத்தைக் குறைத்தே காட்டும், ஏனென்றால் அதற்குக் கிடைப்பது சுற்றியுள்ள பரப்பின் சராசரி. அங்கெல்லாம் பழைய துளைதான் சாட்சி.

கருவியைவிடப் பெரிய மாற்றமாக எனக்குப் படுவது, அதை யார் கையில் கொடுத்தார்கள் என்பது. வண்டி ஓட்டுவது உள்ளூர் இனுயிட்டுகள். எந்த வழியை அளப்பது என்று முடிவு செய்வதும் ஊர்க்காரர்களே. 2017-இல் ஐ.நா.வின் காலநிலை விருது இந்த முயற்சிக்குக் கிடைத்தது. தகுதியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.