பாதாளச் சாக்கடை முன்பணம்: கணக்குக் கேட்டுக் கட்டுவோம்

பாதாளச் சாக்கடைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் நமக்குக் கோபம் வருவது இயற்கை. அந்தத் தொகை எப்படி வருகிறது என்று தெரிந்தால், கேட்க வேண்டியதை முறையாகக் கேட்கலாம்.

குழாயை இன்றைய ஜனத்தொகைக்குப் போடுவதில்லை. 30 ஆண்டு கழித்து இருக்கப்போகும் ஜனத்தொகைக்குப் போடுகிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்பது கணக்கு. 10,000 பேர் கூடினால் தினம் 10.8 லட்சம் லிட்டர் கூடும்.

இந்த மதிப்பீடு மிகையானால், தீபாவளிக்கு அளவுக்கு மேல் சரக்கெடுத்த கதைதான். வராத ஜனங்களுக்கான செலவு இருப்பவர்கள் தலையில் விழும். குறைந்து போனால் கடைத்தெருவை மறுபடி தோண்டுவார்கள், வியாபாரம் படுத்துவிடும்.

சென்னையை அடுத்த ஆலந்தூர் நகராட்சியில் 2000-ல் வேலை தொடங்குமுன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என வசூலித்தார்கள். அங்கு 1991-ல் சுமார் 1.25 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2001-ல் 1.46 லட்சமானது. சுத்திகரிப்பு நிலையத்தை ஒரேயடியாகக் கட்டாமல் பகுதி பகுதியாகக் கட்டத் திட்டமிட்டது புத்திசாலித்தனம்.

நமது சேத்தூர் பேரூராட்சியிலோ, இராஜபாளையத்திலோ இப்படிப் பணம் கேட்டால் மூன்று கேள்விகளை மறக்காதீர்கள். எத்தனை ஜனத்தொகைக்குத் திட்டம்? பணம் தனிக் கணக்கில் இருக்குமா? ஒரே குழாய் வைத்த மளிகைக்கடைக்கும், நாள் முழுதும் பாத்திரம் கழுவும் ஓட்டலுக்கும் ஒரே தொகையா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.