'அம்மா, நான் வந்துடட்டுமா?': எக்ஸ்சேஞ்ச் மாணவர்களின் ஐந்தாவது மாதமும், மாமல்லபுரம் கரையின் வகுப்பறையும்

உங்கள் மகளுக்கு 17 வயது. ஒரு வருடம் ஜெர்மனியில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வீடியோ காலில் ஒரே சிரிப்பு. மூன்றாவது மாதம் 'ம்', 'சரி', 'சாப்பிட்டேன்' என்று பேச்சு சுருங்குகிறது. ஐந்தாவது மாதம் ஒரு நாள் ராத்திரி போன்: "அம்மா, நான் வந்துடட்டுமா?"

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். போன் வருவது ஜெர்மனியில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு. பொண்ணு இருப்பது செங்கல்பட்டில், நம் பக்கத்து வீட்டில்.

இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் 'செமினார்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே நாட்டில் வெவ்வேறு வீடுகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளைச் சில நாள்கள் ஓரிடத்தில் கூட்டி, ஊர் சுற்றிக் காட்டி, உட்கார வைத்துப் பேச வைக்கும் பயணம் அது. வெளியிலிருந்து பார்த்தால் டூர் மாதிரிதான் இருக்கும். ஆனால் பல பிள்ளைகளுக்கு மீதி வருடம் எப்படிப் போகும் என்பது அந்தச் சில நாள்களில்தான் முடிவாகிறது.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் தொடங்கிய வேலை

மாணவர் பரிமாற்றத்தில் உலகெங்கும் தெரிந்த பெயர்களில் ஒன்று ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரில், 1915-ல், பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள்தான் இதன் வேர். இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலையைச் செய்தார்கள். அடிபட்டவர்களைச் சுமந்தது போதும், இனி பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பிப் பழக வைப்போம் என்று 1947-ல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள்.

ரோட்டரி சங்கங்களும் பள்ளி வயதுப் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டுக்கு இப்படி அனுப்புகின்றன. ஜெர்மனி அரசு 2008-ல் தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' கொஞ்சம் வேறு மாதிரி. 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள், பள்ளிகளில் தன்னார்வலராக வேலை பார்க்கும் திட்டம் அது. தமிழ்நாட்டுக்கும் வருகிறார்கள். ஒரு வருடம் வருபவர்களுக்குக் குறைந்தது 25 நாள் செமினார் கட்டாயம். கிளம்பும் முன் ஒரு பகுதி, திரும்பிய பின் ஒரு பகுதி, நடுவில் தங்கியிருக்கும் நாட்டிலேயே ஒரு பகுதி. இந்த நடுப்பகுதிதான் நம் கதை.

ஐந்தாவது மாதத்தில் என்ன ஆகிறது?

'கலாசார அதிர்ச்சி' என்ற சொல்லை 1950-களில் பரவலாக்கியவர் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். புது ஊரில் நம்மைக் கலங்கடிப்பது பெரிய விஷயங்கள் அல்ல. எப்போது கை குலுக்குவது, எப்போது சிரிப்பது, எப்போது மறுப்பது என்ற நூறு சின்னச் சின்ன அடையாளங்கள் கையை விட்டுப் போவதுதான் என்றார் அவர்.

1955-ல் நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று திரும்பிய ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்கள் சுமார் 200 பேரிடம் விசாரித்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும், 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். வரைபடமாகப் போட்டால் பள்ளம்போல இறங்கி ஏறும் கோடு. 1963-ல் வேறு இரு ஆய்வாளர்கள் இன்னொரு பள்ளத்தையும் சேர்த்தார்கள்: சொந்த ஊர் திரும்பிய பிறகு வருவது.

எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களிடம் நடத்தி 1998-ல் வெளியான ஆய்வு, ஆரம்ப நாள்களே மிகவும் கஷ்டம் என்றது. எந்த மாதத்தில் வரும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வரும் என்பதில் சந்தேகம் இல்லை.

நம் வீட்டு உதாரணம் பாருங்கள். ஜெர்மன் வீட்டில் பிள்ளை தன் ரூம் கதவைச் சாத்திக்கொள்வது சாதாரணம். இங்கே சாத்தினால், "என்ன கோபம் அவளுக்கு?" என்று கேள்வி வரும். அங்கே தட்டு வைத்தால் தேங்க்ஸ் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. இங்கே ஒவ்வொரு தோசைக்கும் தேங்க்ஸ் சொன்னால், "நாங்க என்ன ஹோட்டலா நடத்துறோம்?" என்று அம்மாவுக்கு வருத்தம். வாசலில் நின்று அவள் "போறேன்" என்பாள். பாட்டிக்குத் தூக்கிவாரிப் போடும், "போயிட்டு வரேன்னு சொல்லும்மா!" யார் மீதும் தப்பில்லை. ஆனால் இப்படி நாளுக்குப் பத்து சேர்ந்தால், நாலு மாதத்தில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டுவிடும்.

செங்கல்பட்டு டு மாமல்லபுரம்: நாலு பாடம்

2019 நவம்பர் 29-ல் தனி மாவட்டமான செங்கல்பட்டில், கடற்கரையும் ஏரிகளும் குன்றுகளும் பல்லவர் கோயில்களும் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். விமான நிலையமும் பக்கம். ஒரு செமினார் குழுவுக்கு இந்தக் கரை என்ன கொடுக்க முடியும்? நான்கு இடங்களைப் பார்ப்போம்.

முட்டுக்காடு: வீட்டைப் படிப்பது

டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் தட்சிணசித்ரா, 1996-ல் இங்கே திறக்கப்பட்டது. வடிவமைப்பில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரப் பகுதிகளின் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து எடுத்து வந்து, இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

நாலு மாதம் ஒரு தமிழ் வீட்டில் இருந்துவிட்டு இங்கே வரும் பிள்ளைக்கு, இது மியூசியம் மட்டுமல்ல. திண்ணை யாருக்கு? முற்றம் வரை யார் வரலாம்? அடுப்பங்கரை ஏன் பின்னால் இருக்கிறது? 'நான் இருக்கும் வீட்டில் நான் எதுவரை வந்திருக்கிறேன்?' என்ற கேள்வி தானாக வரும். அக்ரகாரத்து வீட்டையும் குயவர் வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், 'இவர்கள் ஏன் ஒரே தெருவில் இருக்கவில்லை?' என்றும் கேட்பார்கள். கூட வரும் நம்மவர்கள் சமாளிக்காமல் பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

வடநெம்மேலி: யார் வாத்தியார்?

ஈ.சி.ஆரில் இன்னும் தெற்கே போனால் முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1976-ல் தொடங்கியது. இந்த வளாகத்தில்தான் 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இயங்குகிறது. 1972 வனவிலங்குச் சட்டமும், அடுத்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளர்களின் பிழைப்பை நிறுத்தின. பாம்பைக் கொல்லாமல் விஷம் மட்டும் எடுத்து விற்கும் வழியைச் சங்கம் கொடுத்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நால்வகைப் பாம்புகள். சில வாரம் பானைகளில் வைத்திருந்து, விஷம் எடுத்து, அடையாளம் இட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து இந்த விஷத்திலிருந்து தயாராகிறது.

இந்தச் சமூகத்திலிருந்து இரண்டு பேர் எக்ஸ்சேஞ்ச் போன கதை இருக்கிறது. 2017 ஜனவரியில், செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் காட்டு உயிரினங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. பிடிப்பது பெரும் பாடாக இருந்தது. மொழிபெயர்க்க இரண்டு பேர் கூடப் போனார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று கூடுதலான நாள்களில் 13 மலைப்பாம்புகள் சிக்கின. 16 அடிப் பெண் பாம்பு ஒன்றும் அதில் உண்டு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பட்டப்படிப்பு இல்லை, இங்கிலீஷ் இல்லை. ஆனாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்கள் பின்னால் நடந்து கற்றுக்கொண்டார்கள். 'ஏழை நாட்டுக்கு உதவி செய்ய வந்திருக்கிறேன்' என்ற நினைப்போடு வந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மாமல்லபுரம்: ஒரு பாறை, இரண்டு கதை

1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். இங்குள்ள பெரும் புடைப்புச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் தவம் செய்பவர் யார்? பாசுபத அஸ்திரம் வேண்டிய அர்ஜுனன் என்கிறார்கள் சிலர். கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதன் என்கிறார்கள் வேறு சிலர். கீழே ஒரு பூனையும் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள்! இத்தனை வருடமாகியும் அர்ஜுனனா பகீரதனா என்று முடிவாகவில்லை. ஒரே காட்சியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கலாம், இருவரிடமும் நியாயம் இருக்கலாம். சாத்திய கதவுக்கும் சொல்லாத தேங்க்ஸுக்கும் இதே விதிதான்.

இன்னொரு பாடம் டிக்கெட் கவுன்ட்டரில். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் பார்க்கக் கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். 'எங்க வீட்டுப் பொண்ணு' என்று கூட்டி வந்த குடும்பத்துக்கும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது ஒரு மாதிரிதான் இருக்கும். உள்ளூர்க்காரர் வரியில் பராமரிக்கும் இடம், அவருக்குச் சலுகை நியாயம்தானே என்று ஒரு தரப்பு. தோலைப் பார்த்து விலை சொல்லும் கடைக்காரருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொரு தரப்பு. செமினாரில் ஒரு மணி நேரம் சூடாக ஓடக்கூடிய விவாதம் இது.

வேடந்தாங்கல்: விருந்தாளியும் கொடுக்கிறார்

கடலிலிருந்து உள்ளே, மதுராந்தகம் பக்கம் இருக்கிறது வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடும் ஏரி. 1790-களில் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, கிராமத்து மக்கள் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். பாசம் மட்டுமல்ல, கணக்கும் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்.

தூரத்திலிருந்து வந்து சில மாதம் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளிக்கு ஊர் இடம் கொடுக்கிறது. விருந்தாளியும் ஊருக்கு எதையோ விட்டுப் போகிறார். எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லுக்கு இதைவிடச் சுலபமான விளக்கம் கிடையாது.

சாயங்கால வட்டம்

இடங்களைப் பார்ப்பது பாதி வேலை. மீதிப் பாதி, சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து பேசுவது. தங்கியிருக்கும் குடும்பத்தினரோ, வேலை பார்க்கும் இடத்துப் பெரியவர்களோ அங்கே இல்லாமல் இருப்பது முக்கியம். 'எது பிடிக்கவில்லை?', 'எங்கே பயமாக இருந்தது?', 'யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டுமா?', 'மீதி மாதங்களில் எதை மாற்றப் போகிறாய்?' போன்ற கேள்விகள் வரும்.

ஒருத்தி அழ ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் "எனக்கும் அப்படித்தான்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். தனக்கு மட்டும்தான் முடியவில்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, இது எல்லோருக்கும் வரும் பள்ளம் என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். வேறு விதமான உண்மைகளும் அங்கேதான் வெளிவரும். வீட்டிலோ வேலை இடத்திலோ யாராவது தவறாக நடந்தால், அதைச் சொல்லப் பாதுகாப்பான இடம் இதுதான். அப்படி வந்தால் சமாதானம் பேசக் கூடாது. உடனே வீட்டை மாற்ற வேண்டும். பொருந்தாமை வேறு, பாதுகாப்பின்மை வேறு.

நம் பிள்ளைகளும் வருகிறார்கள்

தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய 'வேர்களைத் தேடி' பண்பாட்டுப் பயணம் அயலகத் தமிழ் இளைஞர்களுக்கானது. பல தலைமுறைக்கு முன் கடல் கடந்தவர்களின் பேரன் பேத்திகள் குழுவாக வந்து தமிழகத்தைப் பார்க்கிறார்கள். தமிழ்ப் பெயர் இருந்தும் தமிழ் வராதவர்களுக்கு அதிர்ச்சி இன்னும் நுட்பமானது. 'நம்மவர்' என்று அணைத்துக்கொள்ளும் ஊரில், 'தமிழ் தெரியாதா?' என்ற கேள்விதான் அதிகம் வலிக்கும்.

உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தால்...

* முதல் வாரத்திலேயே வீட்டு விதிகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், செருப்பு எங்கே, பூஜையறைக்குள் வரலாமா என்பதெல்லாம் நமக்குத்தான் தெரிந்த விஷயம்.
* "சாப்பிட்டியா?" என்பது நம் ஊரில் அன்பு என்று விளக்கிவிடுங்கள். இல்லையென்றால் கண்காணிப்பதாக நினைக்கலாம்.
* வாரத்தில் ஒரு வேலையைக் கொடுங்கள். காய் நறுக்குவதோ, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ போதும். வேலை கொடுக்காத வீட்டில் விருந்தாளி விருந்தாளியாகவே இருந்துவிடுவார்.
* செமினாருக்குப் போய் வந்தால், "என்ன பேசினீங்க?" என்று துருவாதீர்கள். சொல்ல வேண்டியதைத் தானே சொல்வார்.
* வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால், அரசுக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டிய நடைமுறை உண்டு. அனுப்பும் அமைப்பிடம் கேட்டு முதல் நாளே முடித்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளை வெளிநாடு போனால்...

சேரும் முன் ஏஜென்டிடமோ அமைப்பிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: "நடுவில் செமினார் உண்டா? வீடு பிடிக்காவிட்டால் மாற்றிக் கொடுக்க யார் பொறுப்பு?" இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் யோசியுங்கள்.

"வந்துடட்டுமா?" என்ற போன் வரும் ராத்திரி, உடனே டிக்கெட்டும் போட வேண்டாம், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றும் சொல்ல வேண்டாம். முதலில் பயமாக ஏதாவது நடந்ததா என்று கேளுங்கள். நடந்திருந்தால் அங்கிருந்து வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை. அப்படி எதுவும் இல்லை, மனசுதான் கனக்கிறது என்றால், "செமினார் எப்போம்மா?" என்று கேளுங்கள். அதற்குள் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுங்கள்.